கணக்கில் ஏறாத அடிகள்: மைக் வெப்ஸ்டர் நிகழ்வு ஆய்வு

2002 செப்டம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க்கில் உள்ள அலெகெனி ஜெனரல் மருத்துவமனையில் மைக் வெப்ஸ்டர் இறந்தார். வயது 50. காரணம் மாரடைப்பு. அமெரிக்கக் கால்பந்தின் மிகச் சிறந்த சென்டர் ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் பலரும் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. நான்கு சூப்பர் பவுல் (என்.எஃப்.எல். என்ற தேசியக் கால்பந்து லீக்கின் இறுதிப்போட்டி) வெற்றிகள், ஒன்பது முறை புரோ பவுல் (நட்சத்திர ஆட்டக்காரர்களின் ஆட்டம்) தேர்வு, 1997-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் இடம். அதே மனிதர் தன் கடைசி ஆண்டுகளில் பல இரவுகளைத் தன் பிக்கப் வண்டிக்குள்ளும் பேருந்து நிலையத்திலும் கழித்தார்.

நிகழ்வு ஆய்வு என்று தலைப்பில் போட்டுவிட்டேன். ஆனால் இதில் "இதோ, இந்த நாள், இந்த ஆட்டம், இந்த அடி" என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு நிகழ்வும் கிடையாது. வெப்ஸ்டரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போன காட்சி இல்லை. நினைவிழந்து புல்லில் கிடந்த படம் இல்லை. அவர் ஆடிய 17 ஆண்டுகளில் ஒருமுறைகூட மூளையதிர்ச்சி என்று மருத்துவக் குறிப்பில் எழுதப்படவில்லை. இந்த ஒன்றுதான் அவர் வழக்கை இவ்வளவு சிக்கலாக்கியது. மருத்துவக் குறிப்பு, ஓய்வூதிய விதி, லீக்கின் ஆய்வுக் குழு, எல்லாமே நிகழ்வுகளை எண்ணுவதற்காகச் செய்யப்பட்டவை. அவருக்கு நடந்தது எண்ணிக்கைக்குள் வராத வகை.

ஆளும் அவர் பார்த்த வேலையும்

வெப்ஸ்டர் 1952 மார்ச் 18 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில், டோமஹாக் என்ற சிற்றூரில் பிறந்தார். உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்த பையன். ரைன்லேண்டர் உயர்நிலைப் பள்ளியில் ஆடி, அப்புறம் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியின் சென்டர் ஆனார். 1974 டிராஃப்ட்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை ஐந்தாம் சுற்றில், 125-ஆவது ஆளாகத்தான் எடுத்தது. ஆறடி ஒரு அங்குல உயரம் அந்த இடத்துக்குப் போதாது என்பது அன்றைய கணிப்பு. அந்த ஒரே டிராஃப்ட்டில் ஸ்டீலர்ஸ் எடுத்த லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வர்த், வெப்ஸ்டர் நால்வருமே பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். ஒரே ஆண்டில் ஓர் அணி செய்த தேர்வுகளில் இதற்கு ஈடு இன்றுவரை பேசப்படவில்லை. சக் நோல் பயிற்சியாளராக இருந்த அந்த அணி 1974, 1975, 1978, 1979 ஆகிய நான்கு பருவங்களிலும் சூப்பர் பவுலை வென்றது.

சென்டர் என்றால் என்ன வேலை என்று தெரியாமல் இந்த வழக்கு புரியாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த ஆட்டத்தில் பந்து முட்டை வடிவத்தில், இரு முனையும் கூராக இருக்கும். ஆட்டம் தொடர்ந்து ஓடாது. சில விநாடி மோதல், அப்புறம் நிறுத்தம், மறுபடி மோதல் என்று துண்டு துண்டாக நடக்கும். ஒவ்வொரு துண்டையும் தொடங்கி வைப்பவர் சென்டர். குனிந்து, ஒரு கையைத் தரையில் உள்ள பந்தின்மேல் வைத்து, கால்களுக்கு இடையே அதைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) கையில் கொடுப்பார். இதற்கு ஸ்னாப் என்று பெயர். கொடுத்த அதே கணத்தில், எதிரே குனிந்து நிற்கும் தடுப்பாட்டக்காரர்மேல் மோதித் தள்ள வேண்டும். இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளி பந்தின் நீளம் மட்டுமே: சுமார் 11 அங்குலம். ஒரு முழத்துக்கும் குறைவு. இருவரும் தலையைத் தாழ்த்தி நிற்கிறார்கள். எழும்பும்போது முதலில் சந்திப்பது ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும்தான்.

ஓடிவந்து மோதும் ஆட்டக்காரர்கள் வாங்கும் பெரிய அடியை எல்லோரும் பார்க்கிறார்கள். தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டுகிறது. வரிசையில் நிற்பவர்கள் வாங்குவது அந்த வகை அல்ல. அது நடுத்தரமான அடி, ஆனால் ஒவ்வொரு முறையும் விழும் அடி. யாருக்கும் மயக்கம் வராது. ஒரு நொடி கண்ணில் பூச்சி பறக்கும், எழுந்து போய் அடுத்த ஸ்னாப்புக்குக் குனிவார்கள். வெப்ஸ்டர் ஆடத் தொடங்கிய காலத்தில் எதிராளியின் தலையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அறைவது சட்டப்படி செல்லும். 1977-இல்தான் தடை வந்தது. தடுப்பவர் கைகளை நீட்டித் தள்ளலாம் என்ற விதி 1978-இல் வந்தது. அதுவரை தலையும் தோளும்தான் ஆயுதம்.

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெப்ஸ்டர் மொத்தம் 245 ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றில் தொடக்கத்திலேயே களத்தில் நின்றார். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 60 முறை பந்தை ஸ்னாப் செய்கிறது. இருநூறு ஆட்டம் என்று குறைத்து வைத்தாலே 12,000 மோதல். பயிற்சி நாட்கள், பருவத்துக்கு முந்தைய ஆட்டங்கள், பிளேஆஃப், கல்லூரி, பள்ளி எதுவும் இதில் சேராது. பயிற்சியில்தான் அடி அதிகம் என்பார்கள் அந்தக் கால வரிசைக்காரர்கள்.

இதில் வெப்ஸ்டரின் குணமும் சேர்ந்துகொண்டது. ஆட்டக்காரர்கள் கூடி நின்று திட்டம் பேசி முடித்ததும் மற்றவர்கள் நடந்து போவார்கள். இவர் வரிசைக்கு ஓடுவார். உறைபனியிலும் கையில்லாத சட்டையோடு நிற்பார். எதிராளிக்குக் காட்டுவதற்காகத்தான். 'அயர்ன் மைக்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. 1974 முதல் 1985 வரை ஸ்டீலர்ஸின் ஒரு லீக் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை: தொடர்ந்து 177 ஆட்டங்கள். 1988 பருவத்தோடு ஸ்டீலர்ஸ் அவரை விடுவித்தபோது கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் முதலில் வரிசைப் பயிற்சியாளராகத்தான் அழைத்தது. போனவர் மறுபடி சட்டை மாட்டிக்கொண்டு இன்னும் இரண்டு பருவம் ஆடினார். 1990 பருவம் முடிந்த பின் ஓய்வு. அப்போது வயது 38, 39 இருக்கும்.

ஒரு ஆட்டக்காரரை மெச்ச நாம் எடுக்கும் அளவுகோல்கள் எவை? ஆடிய ஆண்டுகள், தவறவிடாத ஆட்டங்கள், வலியைக் காட்டாத முகம். வெப்ஸ்டரின் விஷயத்தில் இவை ஒவ்வொன்றும் அடியின் அளவையும் கூடவே சொல்லிவிடுகின்றன. ஆட்டக் குறிப்பையும் மருத்துவக் குறிப்பையும் ஒரே தாளில் எழுதியது போல.

சரிவு

ஓய்வுக்குப் பின் நடந்தவை வரிசையாக வரவில்லை. முதலில் பணம் போனது: தவறான முதலீடுகள், திறக்காத கடிதங்கள், கட்டாத வரி. வீடு போனது. குடும்பம் மெல்லக் கழன்றது. மனைவியுடனான மணமுறிவு அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் முடிந்தது. தெரிந்த வழியில் ஓட்டிப்போனவர் எங்கே போகிறோம் என்று மறந்து நின்றார். தூக்கம் வரவில்லை. உடம்பு முழுக்க வலி; உணர்விழக்க ஸ்டன் கன் என்ற மின்னதிர்ச்சிக் கருவியைத் தன்மேலேயே பாய்ச்சிக்கொண்டு தூங்கினார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விழுந்த பல்லைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டதும் அவர்கள் சொன்னதே. தாள் தாளாகக் கடிதங்கள் எழுதினார். ஆரம்பத்தில் பொருள் இருக்கும், போகப்போக வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது.

இந்த விவரங்களை ஊடகங்கள் மிகவும் விரும்பி எடுத்தாண்டன. எனக்கு இவற்றைவிட 1997 ஜூலை மாத நாள் முக்கியமாகப் படுகிறது. ஒஹாயோவின் கான்டன் நகரில் ஹால் ஆஃப் ஃபேம் விழா. அவரை அறிமுகப்படுத்தியவர் பழைய குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா. இன்னும் ஒரே ஒரு தடவை என்று பிராட்ஷா கேட்க, கோட்டு சூட்டோடு வெப்ஸ்டர் மேடையில் குனிந்து பந்தை ஸ்னாப் செய்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்து பேச வந்தவர் ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி, ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த நண்பர்களுக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்தது. ஆனால் உணர்ச்சி மிகுதி என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருந்தது. உடம்பு ஸ்னாப்பை மறக்கவில்லை. வாக்கியத்தை முடிக்கத்தான் வரவில்லை.

1999-இல் ரிட்டலின் மாத்திரைக்காக மருந்துச் சீட்டைப் போலியாக எழுதிய குற்றத்துக்கு நீதிமன்றத்தில் நின்றார். எதிர்த்து வாதாடவில்லை; கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது. கவனம் சிதறுவோருக்குக் கொடுக்கும் மருந்து அது. அதைத் தின்றால்தான் சில மணி நேரமாவது தெளிவாக இருக்க முடிந்தது அவருக்கு.

ஒரு தேதிக்காக நடந்த வழக்கு

1990-களின் பிற்பகுதியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகர வழக்கறிஞர் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் வெப்ஸ்டரின் வழக்கை எடுத்தார். மருத்துவர்களிடம் அனுப்பி அறிக்கைகள் வாங்கி, என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் ஓய்வூதியத் திட்டத்திடம் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். இந்தத் திட்டத்தை நடத்துவது ஆறு வாக்குகள் கொண்ட வாரியம். மூன்று பேர் அணி உரிமையாளர்கள் சார்பில், மூன்று பேர் ஆட்டக்காரர் சங்கத்தின் சார்பில். ஆக, கைவிரித்தது முதலாளிகள் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

1999-இல் வாரியம் ஒப்புக்கொண்டது: வெப்ஸ்டர் நிரந்தரமாக, முழுமையாகச் செயலிழந்தவர். அதோடு நிற்கவில்லை. கால்பந்து ஆடியபோது தலையில் பட்ட காயங்களே இதற்குக் காரணம் என்று மருத்துவ அறிக்கைகள் காட்டுவதாகவும் எழுத்தில் குறிப்பிட்டது. இந்தத் தாள் 2012-இல் செய்தியாளர்கள் வெளிக்கொண்டுவரும் வரை பொதுவெளியில் பெரிதாகப் பேசப்படவில்லை.

காரணத்தை ஒப்புக்கொண்ட பிறகு சண்டை எதற்கு? தேதிக்கு. திட்டத்தில் உதவித்தொகை பல படிகளாக இருந்தது. ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே செயலிழந்தவருக்கு மேல்படி. ஓய்வுக்குப் பின் மெல்ல மெல்லச் செயலிழந்தவருக்குக் கீழ்ப்படி. இரண்டுக்கும் தொகையில் பெரிய வித்தியாசம். வாரியம் வெப்ஸ்டருக்குக் கீழ்ப்படியைக் கொடுத்து, செயலிழப்பு 1996-இல் தொடங்கியதாக எழுதியது. ஃபிட்ஸ்சிம்மன்ஸ் சொன்னது: 1991-இல் ஆட்டத்தை விட்டு வெளியே வந்தபோதே இவர் செயலிழந்தவர்தான்.

எலும்பு முறிந்தால் தேதி உண்டு. கை போனால் தேதி உண்டு. பன்னிரண்டாயிரம் மோதல்களில் எது? 1979 டிசம்பரா, 1984 அக்டோபரா? விதி எழுதியவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. விதி ஒரு குறிப்பிட்ட வகைக் காயத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. வெப்ஸ்டருடையது வேறு வகை. இடுக்கில் விழுந்தது அவர்.

மேல்முறையீட்டின் முடிவு வருமுன் அவர் இறந்துவிட்டார். அவர் சொத்தின் சார்பில் வழக்கு பால்டிமோர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 2005 ஏப்ரலில் நீதிபதி வில்லியம் குவார்ல்ஸ் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். திட்டம் மேல்முறையீடு செய்தது. 2006 டிசம்பர் 13 அன்று ரிச்மண்டில் உள்ள நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே தீர்ப்பை உறுதி செய்தது. அதன் காரணம் எளிமையானது. வெப்ஸ்டர் ஓய்வு பெறும்போதே செயலிழந்திருந்தார் என்பதில் அவரைப் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசியிருந்தார்கள். வாரியம் தானே அமர்த்திய மருத்துவரும் அதையேதான் சொன்னார். அதைத் தள்ளிவைக்க வாரியத்திடம் போதிய சான்று இல்லை. பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை பிள்ளைகளுக்கும் முன்னாள் மனைவிக்கும் போனது.

மேசைமேல் ஒரு சாதாரண மூளை

இப்போது 2002 செப்டம்பருக்குத் திரும்புவோம். அலெகெனி கவுன்டியின் பிணக்கூறு ஆய்வகத்தில் அப்போது பணியில் இருந்தவர் பென்னட் ஒமலு, நைஜீரியாவில் பிறந்த இளம் நோயியல் மருத்துவர். அலுவலகத் தலைவர் சிரில் வெக்ட். இறந்த காரணம் இதயம் என்பது தெரிந்துவிட்டது. ரத்தக்குழாய் அடைப்பு, வீங்கிய இதயத் தசை. அத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். மூடியிருந்தால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஒமலு மூளையை எடுத்துப் பார்த்தார். வெளிப்பார்வைக்கு ஒன்றுமே இல்லை. சுருக்கம் இல்லை, ரத்தக்கசிவு இல்லை, பழைய காயத்தின் தழும்பு இல்லை. குத்துச்சண்டைக்காரர்களின் மூளையில் கண்ணாலேயே தெரியும் சேதம் எதையாவது அவர் எதிர்பார்த்திருந்தால், அது கிடைக்கவில்லை. வெக்டின் அனுமதியோடு மூளையைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூளையின் வெளியடுக்கான புறணியில் அங்கங்கே டௌ என்ற புரதம் சிக்கலும் இழையுமாகச் சேர்ந்திருந்தது. அமிலாய்டு என்ற இன்னொரு புரதத்தின் படிவுகளும் நிறையவே இருந்தன. அல்சைமர் நோயில் முதலில் கெடும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் டௌ சிக்கல்கள் இல்லை. ஆக, இது அல்சைமரின் வரைபடம் அல்ல.

டௌ என்பது நரம்பணுக்களுக்குள் இருக்கும் போக்குவரத்துக் குழல்களைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் புரதம். தலை சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் மண்டைக்குள் மூளை இழுபடுகிறது. நீண்ட நரம்பிழைகள் நெளிகின்றன. டௌ குழலிலிருந்து கழன்று தனக்குள் முடிச்சிட்டுக்கொள்கிறது. அந்த முடிச்சு மெல்லப் பரவுகிறது. அடி நின்று பல ஆண்டுகள் கழித்தும் சரிவு தொடர்வதற்கு இதுவே விளக்கம் என்று இன்று கருதப்படுகிறது. வெப்ஸ்டர் ஆட்டத்தை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2005 ஜூலையில் 'நியூரோசர்ஜரி' இதழில் ஒமலுவும் உடன் பணியாற்றியவர்களும் இதை வெளியிட்டார்கள். என்.எஃப்.எல். ஆட்டக்காரர் ஒருவரிடம் நாள்பட்ட அதிர்ச்சிசார் மூளைச் சிதைவு, சுருக்கமாக சி.டி.இ., பதிவான முதல் கட்டுரை அது.

ஒரு தவறான கதையை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்த நோயை ஒமலு கண்டுபிடித்தார், பெயரையும் அவரே வைத்தார் என்று பல இடங்களில் படிக்கலாம். உண்மை அப்படி இல்லை. குத்துச்சண்டைக்காரர்களின் 'போதையேறியது போன்ற' நடையைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். சி.டி.இ. என்ற பெயர் 1940-களின் இறுதியில் மருத்துவ எழுத்தில் வந்துவிட்டது. 1973-இல் கோர்செலிஸும் உடனிருந்தவர்களும் பதினைந்து குத்துச்சண்டைக்காரர்களின் மூளையை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். குத்துச்சண்டைக்கு வெளியே, ஹெல்மெட் போட்டு ஆடும் ஆட்டத்திலும் இது உண்டு என்று ஒரு மூளையை வைத்துக் காட்டியதுதான் ஒமலுவின் பங்கு. அது சிறிய பங்கு இல்லை. ஊதிப் பெருக்கவும் தேவையில்லை. அவருடைய பிற்கால விளக்கங்கள் சிலவற்றை அதே துறையைச் சேர்ந்தவர்களே ஏற்கவில்லை. மூளைப் புறணியின் மடிப்புகளின் அடியில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி டௌ சேர்ந்திருப்பதே சி.டி.இ.யின் அடையாளம் என்று நோயியல் வல்லுநர்கள் கூடி முடிவு செய்தது 2015-இல். 2005 கட்டுரை அந்த அளவுகோலுக்கு முன்பே எழுதப்பட்டது.

"திரும்பப் பெறுங்கள்"

லீக்குக்கென்று ஒரு மூளைக்காய ஆய்வுக் குழு 1994 முதல் இருந்தது. தலைவர் எலியட் பெல்மன், மூட்டுவாத மருத்துவர். மூளை ஆய்வுக்கு மூட்டு மருத்துவர் தலைவர் என்பதை விமர்சகர்கள் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. அந்தக் குழுவும் அதே 'நியூரோசர்ஜரி' இதழில்தான் தொடர் கட்டுரைகள் எழுதிவந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் மூளையில் அடிக்கடி, திரும்பத் திரும்ப அடி விழுவதில்லை என்பது அவற்றில் ஒன்றின் கூற்று.

இந்த ஒரு வரியை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். 1999-இல் ஓய்வூதிய வாரியம் வெப்ஸ்டரைப் பற்றி எழுதிவைத்ததை இதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து நிற்காது. வாரியம் லீக்கிலிருந்து தனியான அமைப்பு என்பது லீக்கின் பதில். சட்டப்படி அது சரிதான். ஆனாலும் குழு எப்படி இந்த முடிவுக்கு வந்தது என்று பார்த்தால் பழைய சிக்கல்தான் மறுபடி வருகிறது. அவர்கள் எண்ணியது அணி மருத்துவர்கள் பதிவு செய்த மூளையதிர்ச்சிகளை. பதிவில் இல்லாதது அவர்களுக்கு நடக்கவே இல்லை. வெப்ஸ்டர் அந்தப் பட்டியலில் ஒரு பூஜ்யம். போதாதற்கு, 1996 முதல் 2001 வரை கண்டறியப்பட்ட மூளையதிர்ச்சிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை அந்தத் தரவில் விடுபட்டிருந்தன என்று 2016-இல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது.

ஒமலுவின் கட்டுரை வந்ததும் குழுவைச் சேர்ந்த ஐரா காசன், பெல்மன், டேவிட் வியானோ மூவரும் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள்: கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள், இல்லையென்றால் திருத்துங்கள். இதழ் திரும்பப் பெறவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்றிரண்டு நியாயமானவையே என்பேன். ஒரே ஒரு மூளை. உயிரோடு இருந்தபோது கட்டுரை ஆசிரியர்கள் அவரைப் பார்க்கவில்லை. மருந்துகளின் பங்கு என்ன? அந்தக் கால ஸ்டீலர்ஸ் வரிசையில் ஸ்டீராய்டு புழங்கியது என்று அதே வரிசையில் ஆடிய ஸ்டீவ் கூர்சன் 1985-இல் தன்னை முன்வைத்தே வெளிப்படையாகச் சொன்னார். ஒரு நிகழ்வு ஆய்வை வைத்து ஒரு தொழிலையே குற்றம் சாட்ட முடியாது. அதற்கான விடை இன்னும் மூளைகளைப் பார்ப்பது. அவர்கள் கேட்டதோ பார்த்த ஒன்றையும் அழிக்கச் சொல்லி.

இரண்டாவது மூளைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2005 ஜூனில் வெப்ஸ்டரோடு அதே வரிசையில் ஆடிய டெர்ரி லாங் 45 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவர் மூளையிலும் அதுவே இருந்தது. 2006-இல் கட்டுரையாக வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர் ஆண்ட்ரே வாட்டர்ஸ் தற்கொலை செய்துகொண்டார்; அவர் மூளையிலும் அதுவே.

எண்ணத் தொடங்கிய பிறகு

2009 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நீதிக் குழு லீக் ஆணையர் ராஜர் குடெல்லை அழைத்து விசாரித்தது. லீக்கின் மறுப்பைப் புகையிலைக் கம்பெனிகளின் பழைய மறுப்போடு ஒப்பிட்டார் உறுப்பினர் லிண்டா சான்செஸ். அடுத்த சில வாரங்களில் காசனும் வியானோவும் லீக்கின் ஆய்வுக் குழுவிலிருந்து விலகினார்கள். டிசம்பரில் லீக்கின் செய்தித் தொடர்பாளர் மூளையதிர்ச்சிகள் நீண்டகாலப் பிரச்சினைகளுக்கு வழிவகுக்கலாம் என்று முதன்முறையாகச் சொன்னார். கால்பந்துக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் மூத்த அதிகாரி நேரடியாக ஒப்புக்கொள்ள 2016 மார்ச் ஆனது.

நடுவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ நன்கொடையாக வந்த மூளைகளைச் சேர்த்து ஆராய்ந்துவந்தார். 2017-இல் வந்த முடிவு உலகெங்கும் தலைப்புச் செய்தியானது: முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் 111 பேரில் 110 பேருக்கு சி.டி.இ. இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மூளையைக் கொடுத்த குடும்பங்கள் பெரும்பாலும் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்டவர்கள். எனவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆட்டக்காரருக்கு நோய் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. மெக்கீயும் அப்படிச் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவரிடம் இந்த நோயை உறுதி செய்ய இன்னும் வழியில்லாததால், உண்மையான விகிதத்தை எட்டுவது கடினம்.

வெப்ஸ்டர் வழக்குக்கு நேரடியாகப் பதில் சொல்வது 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு. 631 முன்னாள் ஆட்டக்காரர்களின் மூளைகள். எந்த இடத்தில், எத்தனை ஆண்டு ஆடினார் என்பதை வைத்து, ஹெல்மெட் உணரிகள் தந்த அளவுகளோடு சேர்த்து, ஒவ்வொருவரின் தலையும் வாழ்நாளில் வாங்கிய மொத்த விசையைக் கணித்தார்கள். அந்த மொத்த விசைக்கும் நோயின் தீவிரத்துக்கும் நல்ல தொடர்பு இருந்தது. கண்டறியப்பட்ட மூளையதிர்ச்சிகளின் எண்ணிக்கைக்கு அப்படி இல்லை.

மயக்கம் போட்டு விழாதவர், அரிதாகவே ஆட்டத்தைத் தவறவிட்டவர், ஒவ்வொரு ஸ்னாப்பிலும் முதல் ஆளாகக் குனிந்தவர்: இந்த அளவுகோலின்படி வெப்ஸ்டர் பட்டியலின் மேலே போகிறார்.

ஆட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2011 ஒப்பந்தம் பருவத்தின்போது முழு மோதலோடு நடக்கும் பயிற்சிகளை 14-ஆகக் குறைத்தது. 2022 முதல் வரிசைக்காரர்கள் பயிற்சி முகாமில் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை உறை போடுகிறார்கள். சென்டர் மட்டும் இன்னும் அதே 11 அங்குலத்தில்தான் குனிகிறார்.

முன்னாள் ஆட்டக்காரர்கள் லீக்மேல் தொடுத்த நஷ்டஈட்டு வழக்கு 2013-இல் சமரசத்துக்கு வந்தது. முதலில் 76.5 கோடி டாலர் என்று பேசி, பின்பு நீதிபதி அனிடா பிராடியின் தயக்கத்தால் மேல்வரம்பு நீக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் ஒப்புதல். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எதிர்ப்புகளைக் கேட்க மறுத்த பின் நடைமுறைக்கு வந்தது. 2015 ஏப்ரல் 22-க்கு முன் இறந்து, இறந்தபின் சி.டி.இ. உறுதியானவர்களின் குடும்பத்துக்கு அதிகபட்சம் 40 லட்சம் டாலர் வரை இடமிருந்தது. ஆனால் அதில் இன்னொரு தேதியும் இருந்தது. 2006 ஜனவரி 1-க்கு முன் இறந்தவர்களின் குடும்பங்கள், தங்கள் கோரிக்கை காலவரம்பைத் தாண்டிப்போகவில்லை என்று தனியாக நிறுவ வேண்டும். யாருடைய மூளையால் இந்த வழக்கே பிறந்ததோ அவர் இறந்தது 2002-இல்.

ஸ்டீலர்ஸ் அவருடைய 52 என்ற சட்டை எண்ணை முறைப்படி ஓய்வு கொடுத்து ஒதுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் யாருக்கும் கொடுத்ததும் இல்லை. அந்த அணியில் பதினைந்து ஆண்டுகள், 220 ஆட்டங்கள். காயத்தால் அவர் ஆடாமல் போனவை நான்கே ஆட்டங்கள். ஆண்டு 1986. பதிவில் உள்ள காயம்: முழங்கை மூட்டு விலகல்.